தேக்குதானா, அம்மா?

பாட்டியின் வீட்டைப் பிரித்தபோது உங்கள் பங்குக்கு நாலு உத்தரங்களும் ஒரு பழைய நிலையும் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாம் நாட்டு மரம், அம்மா; விறகு விலைக்குத்தான் போகும்" என்கிறார் பழைய சாமான் வாங்க வந்தவர். ஆசாரியோ, "அசல் பர்மாத் தேக்கு! விட்டுவிடாதீர்கள்" என்கிறார். யாரை நம்புவது?

இருவரையும் சற்று உட்காரச் சொல்லிவிட்டு, புதிய சவர பிளேடு ஒன்றும் குழந்தையின் பூதக்கண்ணாடியும் எடுத்து வாருங்கள்.

நிறத்தைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். தேக்கு என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த பீரோ, இரண்டு மழைக்காலம் கழிந்ததும் ஈரத்துணி பட்ட இடமெல்லாம் சாயம் விட்டு, வெளுத்த மரமாகப் பல்லை இளித்தது! சாயம் பூசாத மரமும் நிறம் மாறும். அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும் பலா, வருஷம் போகப் போகப் பழுப்பேறிவிடுகிறது.

மரத்தின் ஜாதகம், குறுக்கே அறுத்த முனையில் இருக்கிறது. ஆசாரியிடம் சொல்லி முனையில் ஓர் அங்குலத்தை அறுத்தெடுக்கச் செய்யுங்கள். புதிய முகத்தில் கொஞ்ச இடத்தை பிளேடால் வழவழவென்று சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் தடவிப் பூதக்கண்ணாடி வழியே பாருங்கள். ஊசி குத்தினாற்போல் துளைகள் தெரிகின்றனவா? மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து நீர் ஏறிய குழாய்கள் அவை. தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் கோலப்புள்ளி வைத்ததுபோல் வரிசையாக நிற்கும். பிறகு சிறுத்துக்கொண்டே போகும். தூங்குமூஞ்சி மரத்திலும் வாகையிலும் துளைகள் பெரியவைதாம். ஆனால் கொட்டிய கடுகுபோல் சிதறிக் கிடக்கும்.

அதற்குள் மகிழ்ந்துவிட வேண்டாம். சந்தன வேம்பிலும் அந்த வரிசை உண்டு. இங்கேதான் மூக்கும் கையும் வேண்டும். புதிதாகச் சீவிய தேக்கு, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். பழைய தோல் சாமானின் வாசனை வரும். சந்தன வேம்பு சற்றுச் சிவந்து, கனம் குறைந்து, இனிய மணத்தோடிருக்கும். நன்கு காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ, ஈட்டி மரம் சுமார் 24 கிலோ. தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள், இரண்டுமே மிதக்கும்!

வேங்கையைக் கண்டுபிடிப்பது ஒரு வேடிக்கை. அதன் சீவலைக் கண்ணாடித் தம்ளரில் ஊறவைத்து வெயிலில் பிடித்தால், பழுப்பேறிய நீரில் நீலம் மினுங்கும். வேங்கை இனத்து வேறு சில மரங்களும் இப்படிச் செய்வதுண்டு. எந்த மரமென்று தெரியாதபோது அந்த நீரை யாரும் வாயில் வைக்க வேண்டாம்.

ஆசாரி சொன்ன பர்மாவுக்கு வருவோம். பர்மாத் தேக்கும் நம் நாட்டுத் தேக்கும் ஒரே ஜாதி மரம். எந்த ஊரில் வளர்ந்தது என்பதைப் பூதக்கண்ணாடி காட்டாது. பர்மா என்பதற்காக ஒரு காசு கூட்டிக் கேட்டால் தாராளமாகச் சந்தேகப்படுங்கள்.

பெரிய தொகை கைமாறும் விஷயமானால், பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலோ, டேராடூனில் 1906-ல் தோன்றிய வன ஆராய்ச்சி நிறுவனத்திலோ மரத்துண்டைக் காட்டிக் கேட்கலாம். அங்கே நுண்நோக்கியால் பார்ப்பார்கள். துண்டை வைரத்திலிருந்து வெட்டுங்கள். ஓரத்து வெள்ளை மரத்தில் நிறமும் மணமும் சரிவரத் தெரியாது.