ஊருக்கு ஊர் ஒரே பெயர்ப்பலகை

ஒரே பெயரில் ஊருக்கு ஊர் கடை திறக்கும் ஃபிரான்சைஸ் தொழில் என்றதும் பலருக்கு மெக்டொனால்ட்ஸ்தான் நினைவுக்கு வரும். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்து காட்டியவர் மார்த்தா மாடில்டா ஹார்ப்பர். கனடாவில் பிறந்து, ஏழு வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர்.

1888இல், சிறுகச் சிறுகச் சேர்த்த 360 டாலரைக் கொண்டு அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கூந்தல் அழகு நிலையம் தொடங்கினார். கெட்டிக்காரத்தனம் இடத்தைப் பிடித்ததில்தான். ஏதோ ஒரு சந்தில் அல்ல, ஊரே அண்ணாந்து பார்த்த பவர்ஸ் கட்டடத்தில்! உரிமையாளர் தயங்கினார், ஹார்ப்பர் வக்கீலை வைத்துப் பேசி வாடகைக்கு எடுத்தார். பக்கத்தில் இசை வகுப்பு. பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்களுக்கு அங்கே காத்திருக்க இடமில்லை. தம் கடையில் வந்து உட்காரச் சொன்னார் ஹார்ப்பர். உட்கார வந்தவர்கள் வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

1891 முதல் கிளை உரிமை கொடுக்க ஆரம்பித்தார், பெரும்பாலும் தம்மைப் போல வீட்டு வேலை பார்த்த பெண்களுக்கே. உச்சத்தில் சுமார் 500 கிளைகள். தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவும் நாற்காலியும் அவர் யோசனைதான். அதற்குக் காப்புரிமை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டார்.