குடற்சுவரின் நரம்புகளும் முதுமையும்

உண்ட உணவைப் பிசைந்து, கலக்கி, முன்னே தள்ளிச்செல்லும் வேலையைக் குடலானது மூளையின் ஆணைக்குக் காத்திராமல் பெரும்பாலும் தானே நடத்திக்கொள்கிறது என்பது, முதன்முறையாகக் கேட்போருக்கு ஆச்சரியமளிக்கும் விஷயமாகும். அதற்கு ஆதாரமாக, உணவுக்குழாய் தொடங்கி ஆசனவாய் வரையில், குடற்சுவரின் அடுக்குகளுக்கிடையே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் பின்னிப் படர்ந்திருக்கின்றன. அவற்றுள் உட்புறத்துப் பின்னலை 1857-ல் மைஸ்னரும், தசையடுக்குகளிடையே உள்ளதை 1862-ல் பிரெஸ்லௌ நகரத்து அவுவர்பாக்கும் விவரித்தனர். பின்னர் 1899-ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாய்களிடம் பரிசோதித்து, வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும், உள்ளே வந்த பண்டத்திற்குப் பின்புறமுள்ள தசை சுருங்க, முன்புறமுள்ள தசை தளர்ந்து வழிவிடுவதைக் கண்டு நிரூபித்தனர்.

இந்தச் சுருக்கத்தை உண்டாக்கும் நரம்பணுக்களில் பெரும்பான்மையானவை அஸிடைல்கோலின் என்ற இரசாயனத்தையும், தளர்வை உண்டாக்குபவை முக்கியமாக நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவையும் தசைக்குத் தூதாக அனுப்புகின்றன. முதுமை இவ்விரு இனங்களையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை என்பதே இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மனிதரின் பெருங்குடலை ஆராய்ந்தபோது, வயது ஏற ஏற அஸிடைல்கோலின் இனத்து அணுக்கள் எண்ணிக்கையில் குறைய, நைட்ரிக் ஆக்ஸைடு இனத்தவை ஏறக்குறைய அப்படியே நிலைத்திருந்தன. எஞ்சிய அணுக்களிலும் லிப்போபஸ்சின் என்னும் பழுப்பு நிறக் கழிவு படிகிறது. தசையின் தாளத்தை நிர்ணயிக்கும் கஹால் அணுக்களும் குறைகின்றன. ஆகவே தளரும் சக்தி மிஞ்சி, தள்ளும் சக்தி குன்றுகிறது.

வயோதிகரை வருத்தும் மலச்சிக்கலுக்கு நடமாட்டக் குறைவும் நீர் அருந்தாமையும் காரணங்களாயினும், இந்த நரம்புச் சிதைவும் அதில் பங்கு கொள்வதாகவே தோன்றுகிறது. அஸிடைல்கோலினைத் தடுக்கும் சில மருந்துகள், முன்பே மெலிந்த அந்த இனத்தின் வேலையையே மேலும் முடக்குவதால், முதியோரிடத்தில் அவற்றை வைத்தியர் ஜாக்கிரதையாகவே பிரயோகிக்க வேண்டும்.

எனினும் இச்சிதைவு முழுவதும் விதியின்பாற்பட்டதென்று சொல்வதற்கில்லை. விரும்பிய அளவு தின்று முதிர்ந்த எலிகள் குடல் நரம்பணுக்களைப் பெருமளவில் இழக்க, அளவாக உணவளிக்கப்பட்டவை அவற்றைப் பெரிதும் காத்துக்கொண்டன. இதைக் கொண்டு தளர்ந்த முதியவரைப் பட்டினி போடுவது தவறாகும். ஆனால் அவர் சொல்லக் கூசும் இந்த உபாதையைப் பிடிவாதமென்றோ சோம்பலென்றோ கடியாமல், உடலின் நியாயமான முறையீடாக ஏற்று, உரிய சிகிச்சைக்கு வழிசெய்வது வீட்டிலுள்ளோரின் கடமையாகும்.