தண்டவாளம்: ஒரு சொல்லும் அதன் சமூகப் பின்னணியும்

சொற்பொருள் மாற்றத்தை உற்பத்தி முறையினின்றும் பிரித்து நோக்குதல் பொருந்தாது. ‘தண்டவாளம்’ என்னுஞ் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

இச்சொல்லைத் ‘தண்டு’, ‘வாள்’ எனப் பிரித்துப் பொருள் கூறுவாருளர். ஆயின், பழைய அகராதிகள் இதற்கு வார்ப்பிரும்பு என்றும் பொருள் தருகின்றன. அவ்விளக்கம் இதற்கு இடந்தருவதில்லை. மூலப்பொருளின் பெயர் அதனாற் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும். தொடக்ககாலத் தண்டவாளங்கள் இங்கிலாந்தில் வார்ப்பிரும்பாலேயே செய்யப்பட்டன. பின்னர் உருக்கு வந்தது, பெயர் மாறவில்லை.

‘வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறியது’ என்பது மரபுத்தொடர். மறைந்திருந்த உண்மை அம்பலமாவதை அது குறிக்கும். எதுகை நயம் இவ்விரு சொற்களையும் இணைத்திருக்கலாம். எனினும் வண்டவாளம் என்பதன் முதற்பொருள் மூலதனம் என்பதாகும். கன்னடத்தில் ‘பண்டவாள’ இன்றும் மூலதனமே; முதலாளித்துவத்தை அங்கு ‘பண்டவாளசாகி’ என்பர்.

இலங்கையில் இத்தொடர் சொல்லுக்குச் சொல் மெய்யாயிற்று. கோப்பித் தோட்டத்துரைமாரின் தேவையே இருப்புப்பாதையை மலைநாட்டுக்கு இட்டுச்சென்றது. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரையும், 1867இல் கண்டி வரையும் புகையிரதம் ஓடியது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின், பாதை ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக 1924இல் பதுளையை அடைந்தது. மூலதனம் தண்டவாளத்தில் ஏறியது. அதனைப் பெருக்கிய உழைப்பாளரோ, பாதை வருமுன், மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாகவே மலையேறினர்.

அவர்களைத் தண்டவாளம் ஏற்றிச்சென்ற காலமும் வந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் உறவுகள் அழுது பிரிந்தன. தலைமன்னாரில் கப்பல் காத்திருந்தது.

ஏனையோர் லயங்களிலேயே எஞ்சினர். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்தில் ‘லயம்’ ஆயிற்று. ஒப்பந்தத்துக்கு ஐம்பதாண்டு நிறைய ஒருநாள் இருக்கையில், 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழநேர்ந்தது. பாதுகாப்பான இடத்தில் வீடுகட்டச் சொந்தக் காணி அவர்களுக்கு இருக்கவில்லை.

மீரியபெத்தைக்குத் தண்டவாளம் இல்லை. எனினும், அன்று அங்கு அம்பலத்துக்கு வந்தது நூற்றைம்பது ஆண்டுகால வண்டவாளமேயாகும்.