பன்றி இறைச்சி உண்ணாதவர்களுக்கும் மூளையில் புழுக்கட்டி வருமா?



நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென வலிப்பு வருகிறது. ஸ்கேன் பார்த்த மருத்துவர், பன்றி நாடாப்புழுவால் மூளையில் கட்டி என்கிறார். “ஹராமை நாங்கள் தொட்டதே இல்லையே!” என்று பெற்றோர் திகைக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை, மருத்துவர் சொல்வதும் உண்மை.

சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்பவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டைகள் அவரது மலத்தோடு வெளியேறுகின்றன. கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக அம்முட்டைகள் யார் வயிற்றுக்குள் போனாலும், குஞ்சுகள் இரத்தத்தில் கலந்து மூளையை அடைந்து கட்டியாகத் தங்கும். ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். கட்டி அழியத் தொடங்கும்போது சுற்றிலும் வீக்கம் ஏற்பட்டு வலிப்பும் தலைவலியும் வரும்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பன்றி இறைச்சியே உண்ணாத யூதச் சமூகத்தினர் 4 பேருக்கு இந்நோய் இருந்தது 1992இல் மருத்துவ இதழில் வெளியானது. குடலில் புழு இருந்த வீட்டுப் பணியாளர்கள் வழியாகத் தொற்றியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினர். தம் வயிற்றில் புழு இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. நம் வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்விலும், வலிப்பு நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தக் கட்டியே காரணமாக இருந்தது.

எனவே வலிப்பை ஜின் கோளாறு என்று எண்ணி, தாயத்துக்காக அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். துஆச் செய்யுங்கள், உடனே மருத்துவரிடமும் காட்டுங்கள். இதற்கு நல்ல மருந்துகள் உள்ளன. ஆனால் பூச்சி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். கட்டி அழியும்போது மூளை வீங்கக்கூடும். மூளையில் உள்ள கட்டி பிறருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளியை ஒதுக்கவோ, திருமணப் பேச்சைத் தட்டிக்கழிக்கவோ காரணமில்லை.

தடுக்கும் வழிகள்:

• மலம் கழித்த பின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெறும் தண்ணீர் போதாது.
• நகங்களை வெட்டி வையுங்கள்.
• கீரை, மல்லித்தழை, வெள்ளரி, கேரட்டை ஓடும் நீரில் பலமுறை அலசுங்கள்; முடிந்தவரை வேகவைத்து உண்ணுங்கள்.
• தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.
• கழிப்பறையையே பயன்படுத்துங்கள்.
• மலத்தில் வெள்ளை நாடாத் துண்டுகள் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஹலாலான உணவும் சுத்தமான கையால் பரிமாறப்பட்டால்தான் உடலுக்கு நலம். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.