மதுவை விடுதலும் உடல் நலமும்

மதுவுண்ணல் தீது என்பது நம்மவர் புதிதாகக் கேட்கும் செய்தியன்று. கொலை, களவு முதலியவற்றோடு கள்ளுண்டலையும் ஒருங்கு வைத்துப் பாதகங்களுள் ஒன்றாக எண்ணியது நமது ஒழுக்க மரபு. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரம் அமைந்துள்ள இடமும் ஊன்றி நோக்கத்தக்கது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்த ஆசிரியர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக அமைத்தார். அதனையடுத்துச் சூதும், சூதினையடுத்து மருந்தும் வருகின்றன. ஆகவே, மது பற்றிய வினா துறவறத்தார்க்கும் அறவோர்க்கும் மட்டும் உரியதன்று. இவ்வுலக வாழ்வைச் செவ்வனே நடத்த விரும்பும் எவர்க்கும் உரியது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

எனினும், குடித்தல் கேடு என்பது வேறு. குடித்துப் பழகிய ஒருவன் அதனைக் குறைத்தாலோ அறவே விட்டாலோ இழந்த நலம் மீளுமா என்பது வேறு. முன்னையதற்கு விடை கூறுவோர் பலர். பின்னையதை ஆராய்வோர் சிலரே. துறைமுகத்தில் மூடை சுமப்போரும், செட்டியார் தெருவில் பொன்வேலை செய்வோரும், சிறு கடை நடத்துவோரும் நெருங்கி வாழும் ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்த யான், இவ்வினாவிற்கு இருவகையான விடைகளை இளமை தொட்டுக் கேட்டு வந்துள்ளேன். "கெட்டது கெட்டுவிட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்பது ஒன்று. "திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது" என்பது மற்றொன்று. இவற்றுள் முன்னையது முழுப் பொய். பின்னையதிலோ ஓர் உண்மை மறைந்து கிடக்கின்றது. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் மதுவின் அளவினை அறிதல் வேண்டும். சாராயமாயினும் கள்ளாயினும் பியராயினும் மயக்கந் தருவது எதனோல் என்னும் ஒரே பொருள்தான். இதனையே நாம் மதுசாரம் என்கின்றோம். நம் நாட்டுத் தென்னஞ் சாராயத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மதுசாரம் உள்ளது. 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தலில் 60 மில்லிலீற்றர், அஃதாவது நிறையில் ஏறத்தாழ 47 கிராம் மதுசாரம் அடங்கியிருக்கும். "சாராயத்தை விட்டுவிட்டேன், இப்போது பியர் மட்டுந்தான்" என்று ஆறுதல் கொள்வோர் உளர். நூற்றுக்கு 8.8 பங்கு மதுசாரமுள்ள வலிய பியர் 625 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 43 கிராம் மதுசாரம் உண்டு. பெயர் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை என்பது இக்கணக்கினாற் புலனாகும்.

உட்சென்ற மதுசாரத்தைச் சிதைத்து வெளியேற்றும் பொறுப்பு பெரும்பாலும் ஈரலினுடையது. அங்குள்ள நொதியங்கள் அதனை முதலில் அசற்றல்டிகைட்டு என்னும் நச்சுப் பொருளாகவும், பின்னர் தீங்கற்ற வேறு பொருளாகவும் மாற்றுகின்றன. இவ்வேலை மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையிலேயே நடைபெறும். எலுமிச்சஞ் சாறு பருகினாலும் குளிர்நீரில் தலைமுழுகினாலும் அதன் விரைவு கூடுவதில்லை. எனவே, கால் போத்தல் சாராயம் அருந்தியவனது ஈரல் ஐந்து முதல் ஏழு மணிநேரம் ஓயாது உழைத்தல் வேண்டும். உடல் அலுப்புத் தீர்ந்து நன்றாக உறங்குதற்கே குடிக்கின்றோம் என்பார் கூற்றும் ஆராய்ச்சிக்கு நிற்பதன்று. மது உறக்கத்தை விரைவில் வருவிக்குமேனும், இரவின் பிற்பகுதியில் அதனைக் குலைத்துவிடுகின்றது. காலையில் எழுபவன் முன்னினும் அலுப்போடு எழுகின்றான். அவ்வலுப்பைத் தீர்க்க மாலையில் மீண்டும் குடிக்கின்றான்.

இனி, விடுவதனால் நலம் மீளுமா என்பதை நோக்குவாம். மிகுதியாகக் குடிப்போரிற் பெரும்பாலோர்க்கு ஈரலில் முதலில் கொழுப்புப் படிகின்றது. இந்நிலையில் மதுவை முற்றாக விட்டால், நான்கு முதல் ஆறு வாரங்களில் அக்கொழுப்புப் பெரும்பாலும் நீங்கிவிடுதலை மருத்துவர் கண்டுள்ளனர். விடாது குடித்தால் அழற்சியும், அதனைத் தொடர்ந்து ஈரலிழையம் தழும்பேறி இறுகும் சிரோசிசு என்னும் நோயும் தோன்றும். அத்தழும்பு முற்றாக மறைவது அரிது. ஆயினும், அந்நிலையிலும் மதுவை விட்டவர், விடாதவரினும் நெடிது வாழ்கின்றனர். ஆகவே, எப்படியில் நிற்பவனாயினும் விடுதலாற் பயனுண்டு. படி தாழத் தாழப் பயனின் அளவு குறையுமேயன்றி இல்லாதொழிவதில்லை.

இதற்குச் சரித்திரமே ஒரு பெருஞ் சான்று காட்டியது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் கைப்பட்டிருந்த பிரான்சில் திராட்சை மது பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே பாரிசு நகரில் ஈரல் இறுக்க நோயால் இறப்போர் தொகை மிகவும் வீழ்ந்தது. பங்கீடு நீங்கியபின் அது மீண்டும் ஏறியது. பல்லாண்டு குடியால் விளைந்த நோய் ஆதலின் குறைவதற்கும் பல்லாண்டு செல்லும் என எண்ணியிருந்தோர்க்கு இது வியப்பளித்தது. நோய் முற்றிய நிலையில் இருந்தோரும் மது கிடைக்காமையால் பிழைத்தனர் என்பதே இதன் பொருள்.

ஈரலோடு பயன் நின்றுவிடுவதில்லை. மதுவைக் குறைத்தலுக்கும் குருதி அமுக்கத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 36 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த முடிபுகள் 2017ஆம் ஆண்டில் வெளியாயின. நாள்தோறும் ஆறு அளவுக்கு மேற் குடித்தோர் அதனை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தபோது, குருதி அமுக்கத்தின் மேலெண் சராசரியாக 5.5 அலகு இறங்கியது. (ஈண்டு ஓர் அளவு என்பது 12 கிராம் மதுசாரம்.) இரண்டு அளவும் அதற்குட்பட்டும் குடித்தோரிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. இவற்றால், மிகுதியாகக் குடிப்பவன் முற்றாக விட முடியாவிடினும், குறைப்பதாலேயே பயன் அடைகின்றான் என்பது பெறப்படும்.

இலண்டனில் நிகழ்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 94 பேர் ஒரு மாதம் மதுவை விட்டிருந்தனர். அவர்தம் உடல் நிறையும் குருதி அமுக்கமும் குறைந்தன. இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ நாலிலொரு பங்கு தணிந்தது. நீரிழிவு மிகுந்துள்ள நம்மவர்க்கு இச்செய்தி பெரிதும் வேண்டுவதாம். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் நோயுடைய குடிப்பழக்கத்தார் 140 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் நடத்திய பரிசோதனையின் முடிபு 2020இல் வெளியாயிற்று. வழக்கம்போற் குடித்தோருள் நூற்றுக்கு 73 பேருக்கு அந்நோய் மீண்டும் தோன்ற, மதுவை விடும்படி பணிக்கப்பட்டோருள் 53 பேருக்கே தோன்றியது.

புற்றுநோயைப் பொறுத்தவரையும் இதுவே நிலை. அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மதுவைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதற்பிரிவில் 1988ஆம் ஆண்டிலேயே சேர்த்தது. மதுவைக் குறைத்தலும் விடுதலும் வாய்ப் புற்றுநோயும் களப் புற்றுநோயும் உண்டாகும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்றுண்டு என 2023இல் அந்நிலையமே அறிவித்தது. வெற்றிலையோடு புகையிலையும் மெல்லும் வழக்கமுள்ள நம் நாட்டில், வாய்ப் புற்றுநோய் பற்றிய இம்முடிபைக் கருத்திற் கொள்ளாது விடுதல் தகாது.

ஈண்டு ஒரு தடை நிகழ்த்தப்படலாம். "சிறிதளவு மது இதயத்துக்கு நல்லதென மருத்துவரே கூறினரன்றோ?" எனக் கற்றாரும் வினவுவர். அளவாகக் குடிப்போரினும் அறவே குடியாதார் மிகுதியாக இறந்ததாகச் சில கணக்குகள் முன்னர்க் காட்டியது உண்மையே. ஆனால், அக்குடியாதார் கூட்டத்தில், நோயுற்றமையாற் குடியை விட்டவர்களும் கலந்திருந்தனர் என்பதை 1988ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர் ஷேப்பர் என்பார் எடுத்துக்காட்டினார். நோயால் மதுவை விட்டவனை, மதுவை விட்டதால் நோயுற்றவனாகக் கொள்ளுதல் காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிக் காணும் பிழையாகும். உடல் நலத்துக்கு ஊறு செய்யாத மது அளவு என ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு தைத் திங்களில் அறிவித்தது. குடியாதான் ஒருவன் நலங் கருதிக் குடிக்கத் தொடங்குதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

தனி மனிதர்க்கு உற்ற நலம் ஒரு நாட்டின் ஆயுட் கணக்கிலும் தோன்றுமா? தோன்றும் என்பதற்குச் சோவியத்து நாடு சான்று. 1985ஆம் ஆண்டில் கொர்பச்சேவ் மதுக் கட்டுப்பாட்டைக் கொணர்ந்தார். உருசிய ஆடவரின் சராசரி ஆயுள் 1984இல் ஏறத்தாழ 62 ஆண்டாயிருந்தது. 1987இல் ஏறத்தாழ 65 ஆயிற்று. கட்டுப்பாடு தளர்ந்து நாடும் குலைந்த பின்னர், 1994இல் அது 58க்கும் கீழே வீழ்ந்தது. வீழ்ச்சிக்கு வறுமை முதலிய பிற காரணங்களும் உளவேனும், மதுவின் பங்கு பெரிதென்பதை ஆய்வாளர் ஏற்பர். நம் நாட்டிலும் 1904இலும் 1912இலும் மதுவொழிப்பு இயக்கம் எழுந்தது. புதிய சட்டத்தால் தவறணைகள் பெருகியதை எதிர்த்து எவ். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் ஊர்தோறும் மக்களைத் திரட்டினர். 2006ஆம் ஆண்டில் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், தவறணை மூடினால் கசிப்பு வடிக்கும் கூட்டம் கிளம்புதலையும் நாம் கண்டுள்ளோம். சட்டம் வாயிலைக் காக்கும். குடிப்பவனது உடலையும் உள்ளத்தையும் அறிந்து உதவுதல் அயலாரும் மருத்துவருமே செய்யத்தக்கது.

இனி, விட்டால் உடம்பு தாங்காது என்னும் கூற்றுக்கு வருவாம். இதனைக் கூறுமிடத்து என் பிழையொன்றையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், யான் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஒழுங்கையில் துறைமுகத் தொழிலாளி ஒருவர் இருந்தார். யான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். நாள்தோறும் அரைப் போத்தலுக்குக் குறையாது குடிப்பவர். அவர் பிள்ளைகள் என்னிடம் பாடங் கேட்க வருவர். படித்தவன் என்னும் உரிமையால் அவரிடம் பலமுறை பேசி, கந்தசஷ்டி தொடங்கும் நாளில் சுவாமி முன் சத்தியஞ் செய்து குடியை விடச் சொன்னேன். அவரும் விட்டார், விரதமும் பூண்டார். முதல் நாள் மாலையே கை நடுங்கிற்று. இரண்டாம் நாள் இரவு வலிப்புக் கண்டது. மூன்றாம் நாள் சுவரில் இல்லாத பூச்சிகளைக் கண்டு அலறினார். முருகன் சோதிக்கின்றான் என்றனர் சிலர். ஒருவர் அரைக் குவளை சாராயம் கொணர்ந்து கொடுத்தார். நடுக்கம் அடங்கிற்று. அது கண்ட அனைவரும், குடியை விட்டதே கேடு என முடிவு செய்தனர். "தம்பி, நீங்கள் சொன்னதற்காகத்தான் விட்டேன், என் உடம்புக்கு அது ஒத்துவராது" என்றார் அவர். பின்னர் அவர் விட முயலவேயில்லை. நான்கு ஆண்டுகளில் வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து இறந்தார்.

அன்று எனக்குத் தெரியாதிருந்ததை இன்று அறிவேன். மது மூளையின் கிளர்ச்சியை அடக்குவது. நாள்தோறும் அவ்வடக்கத்துக்கு உட்படும் மூளை, அதனை ஈடுசெய்யத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்ளுகின்றது. அடக்கும் பொருள் திடீரென நீங்கினால் கிளர்ச்சி மட்டும் எஞ்சி நிற்கும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாட்களில் சித்தப்பிரமையும் தோன்றலாம். கவனியாது விட்டால் உயிருக்கும் இறுதியாகும். பட்டினி இருப்பின் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்து மூளை மேலும் ஊறுபடும். ஆயினும், இவை சில நாட்களிற் கடந்துபோகும் நிலை; மருத்துவர் தரும் அமைதி மருந்தாலும் தயமின் ஊசியாலும் தடுக்கத்தக்கவை. அரசாங்க வைத்தியசாலையில் இச்சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே, "விட்டால் உடம்பு தாங்காது" என்பதன் உண்மைப் பொருள், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் துணையின்றித் திடீரென விடலாகாது என்பதேயன்றி, விடவே கூடாது என்பதன்று.

எனவே, முடிந்த முடிபு இதுவாகும். சிறிதளவு குடிப்பவன் இன்றே விடலாம். மிகுதியாகக் குடிப்பவன் குறைத்தாலும் பயனுண்டு, விட்டாற் பெரும்பயனுண்டு. காலையில் கை நடுங்குபவனோ, குடித்தாலன்றி இயங்க மாட்டாதவனோ, முதலில் மருத்துவரை நாடி, அவர் வழி நின்று விடுதல் வேண்டும். விரதமும் சத்தியமும் அவனுக்கு உறுதி தரும். மருந்து அவ்வுறுதி நிலைக்கும்வரை உடலைக் காக்கும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

இக்கல்லூரியிற் பயிலும் மாணவருட் பலர் தத்தம் இல்லத்திலோ அயலிலோ இத்தகைய ஒருவரைக் காண நேரிடும். அவரிடம் "விட்டுவிடுங்கள்" என்று சொல்லுதல் நன்று. சொல்லியபின் அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, அந்த மூன்று நாட்களும் அருகிருத்தல் அதனினும் நன்று. முன்னையதை மட்டும் செய்து பின்னையதைச் செய்யாது விட்டவன் எழுதிய கட்டுரை இது.