டேங்க்கில் என்ன இருக்கு பாஸ்?

செமஸ்டர் லீவ் முடிந்து காலேஜ் திறக்கிற முதல் நாள். மழையில் ஒரு மாசமாக வாசலில் நின்ற அப்பாவின் பழைய பைக்கை எடுக்கிறீர்கள். கிக்கரை இருபது தடவை உதைத்தும் நோ ரெஸ்பான்ஸ்! பெட்ரோல் கம்மி போல என்று ரிசர்வுக்குத் திருப்பினால், கொஞ்சம் இருமிய இன்ஜினும் அடங்கிப் போகிறது. தள்ளிக்கொண்டு போனால், கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு மெக்கானிக் அண்ணன் விடுவார் ஒரு டயலாக்: “தம்பி, பெட்ரோல்ல தண்ணி!”

உடனே பங்க்காரரோடு சண்டைக்குக் கிளம்பிடாதீங்க. தப்பு உங்க டேங்க் மூடியில்கூட இருக்கலாம்.

நாம் இப்போது போடுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 2030-க்கு வைத்திருந்த இந்த இலக்கை மத்திய அரசு 2025-லேயே எட்டிவிட்டது. கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலிருந்து எத்தனால் கிடைப்பதால் எண்ணெய் இறக்குமதி குறையும். நல்ல விஷயம்தான். ஆனால் எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. மூடியின் ரப்பர் தேய்ந்து மழைநீர் உள்ளே போனால், ஓரளவு வரை அதைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு ஜோடி சேர்ந்து, பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரிசர்வ் இழுப்பது அந்த அடியிலிருந்துதான். புரியுதா கதை?

அடுத்த புலம்பல்: “50 குடுத்த வண்டி 40தான் குடுக்குது!” ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி கம்மி. அதனால் மைலேஜ் குறைவது நிஜம். ஆனால் நிதி ஆயோக் 2021-ல் பழைய டூவீலர்களுக்குச் சொன்ன கணக்கு 3-4 சதவீதம். அதாவது 50 என்பது 48 ஆகலாம். 40 ஆனால் வேறு ஏதோ வியாதி. ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் எல்லாவற்றையும் பாருங்கள்.

சீரியஸான விஷயம் ரப்பர்தான். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் பாகங்கள் இந்தக் கலவையைத் தாங்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 - 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்கில் வேண்டும் என்று கேட்ட மனுவை, அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, பழைய வண்டிக்காரர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும்.

என்ன பண்ணலாம்? டேங்க் மூடி ரப்பரையும் பெட்ரோல் டியூபையும் தொட்டுப் பாருங்கள். விறைத்தோ உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். லீவில் ஊருக்குப் போகிறீர்களா? பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, வண்டி தானாக நிற்கும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும். பெட்ரோல் கசிகிற வாசனை வந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். சூடான இன்ஜின் மேல் சொட்டினால் தீ!

டியூபின் விலை ஒரு நாள் கேன்டீன் செலவுதான். அப்பாவின் பைக்குக்காக ஒரு நாள் பஜ்ஜியைத் தியாகம் பண்ண மாட்டீங்களா பாஸ்?