முத்திரை இல்லாத மடல்கள்

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நம்மவருள் பலர் உத்தியோகத்தோடு நின்றுவிடாமல் சிறு வாணிபத்திலும் ஈடுபட்டிருப்பதை வாசகர்கள் அறிவர். மாதுங்காவில் காப்பிப் பொடி, கரோல் பாகில் அப்பளமும் வடாமும், வீட்டிலிருந்தபடியே பாட்டு வகுப்பு, பட்டுச் சேலை விற்பனை என்று எத்தனையோ குடும்பங்கள் இவ்வகையில் வருவாய் தேடுகின்றன. பத்திரிகையில் விளம்பரம் செய்ய இவர்களுக்கு வசதி போதாது. வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மடல் விடுப்பதே இவர்களுக்குக் கட்டுபடியாகும் விளம்பரம்.

அம்மடலுக்குப் பதில் வராதபோது நாம் என்ன செய்கிறோம்? சரக்கு பிடிக்கவில்லை போலும் என்று விலையைக் குறைக்கிறோம்; தலைப்பு கவர்ச்சியாக இல்லை என்று அதை மாற்றி எழுதுகிறோம். மடல் வாடிக்கையாளரின் கண்ணில் படாமலே ஸ்பேம் பெட்டியில் கிடக்கக்கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. குற்றம் சரக்கிலும் இல்லை, எழுத்திலும் இல்லை. மடலை அனுப்பியவர் இன்னார் என்று மெய்ப்பிக்கும் முத்திரை அதில் இல்லை. அவ்வளவுதான்.

மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறை 1982-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அக்காலத்தில் அதைக் கையாண்டோர் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களைச் சார்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் ஐயுற வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆகவே அனுப்புநர் என்ற இடத்தில் எவர் பெயரை எழுதினாலும் அவ்விதிமுறை தடை சொல்வதில்லை. வணிகரும் வஞ்சகரும் வந்து சேர்ந்த பின்னரே அதற்கு மூன்று காவல்கள் அமைந்தன.

முதலாவது எஸ்.பி.எப். உங்கள் டொமைனின் பெயரால் மடல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்பதை டி.என்.எஸ். என்னும் பொதுப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி வைப்பது இது. அவ்வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு எழுதினால் இரண்டும் செல்லாது. இரண்டாவது டி.கே.ஐ.எம். அரசர் விடுத்த ஓலையில் இலச்சினை பொறித்தது போன்றது இது. மடலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட ஒரு கையொப்பம் மடலோடு செல்கிறது. அதைச் சரிபார்க்கும் திறவுகோல் பதிவேட்டில் இருக்கிறது. வழியில் எவரேனும் எழுத்தை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. மடலை ஒருவர் மற்றொருவருக்குத் திருப்பி அனுப்பும்போது எஸ்.பி.எப். பெரும்பாலும் பயனற்றுப் போகிறது, இலச்சினையோ நிலைக்கிறது.

மூன்றாவதான டிமார்க்கில்தான் நம்மவர் இடறி விழுகின்றனர். ஆதலின் சற்று விரிவாகவே கூறுதல் நலம். மொத்தமாக மடல் அனுப்பித் தரும் சேவை ஒன்றில் அப்பளக் கடைக்காரர் ஒருவர் கணக்குத் தொடங்குகிறார் என்று கொள்வோம். அச்சேவை தன் டொமைனுக்கு உரிய எஸ்.பி.எப். கொண்டும் தன் இலச்சினை பொறித்தும் மடலை அனுப்புகிறது. இரண்டு சோதனைகளிலும் மடல் தேறிவிடும். ஆயினும் வாசகர் காணும் அனுப்புநர் முகவரியில் இருப்பதோ கடைக்காரரின் டொமைன். முத்திரை ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது. இரண்டும் பொருந்துகின்றனவா என்று கேட்பதே டிமார்க். இரண்டு காவல்களுள் ஒன்றேனும் அனுப்புநர் டொமைனோடு பொருந்தித் தேற வேண்டும், இல்லையேல் தோல்வி. சேவை நிறுவனம் கொடுக்கும் சில வரிகளைத் தம் டொமைனின் பதிவேட்டில் சேர்த்துவிட்டால் கடைக்காரரின் பெயராலேயே இலச்சினை பொறிக்கப்படும். இலவச ஜிமெயில் முகவரியையே அனுப்புநராக வைத்து இத்தகைய சேவைகள் வழியே மடல் விடுப்போருக்கு இவ்வழி இல்லை. ஜிமெயிலின் பதிவேடு அவர்கள் கையில் இல்லையே! சொந்த டொமைன் வாங்குவதே அவர்களுக்கு உகந்தது.

இவையெல்லாம் பெருநிறுவனங்களின் கவலை என்று ஒதுக்கிவிட இயலாது. 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்று காவல்களையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். விளம்பர மடல்களில் ஒரே தட்டில் விலகிக்கொள்ளும் வசதியும் தர வேண்டும். அதற்குக் குறைவாக அனுப்புவோருக்கும் எஸ்.பி.எப். அல்லது டி.கே.ஐ.எம். இருந்தே தீர வேண்டும். ஸ்பேம் என்று முறையிடுவோர் 1000-க்கு 3 என்ற அளவை எட்டலாகாது என்பதும் விதி. 2025 மே மாதம் மைக்ரோசாப்டும் பெருமளவில் அனுப்புவோருக்கு இதையொத்த விதிகளைக் கொணர்ந்தது.

முத்திரை இருந்தால் மடலை அனைவரும் திறந்து படிப்பர் என்று விற்பனையாளர் சிலர் ஆசை காட்டுவர். அது மிகை. முத்திரை மடலை வாசல் வரையில் சேர்க்க உதவும். கேளாதவருக்கு அனுப்பிய மடலை அது காப்பாற்றாது. திறந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. மடலில் மறைந்துள்ள சிறு படம் ஒன்று தருவிக்கப்படுவதை வைத்தே அக்கணக்கு எடுக்கப்படுகிறது. 2021 முதல் ஆப்பிளின் அஞ்சல் செயலி, பயனர் இசைந்திருந்தால், அவர் திறக்காமலே படங்களைத் தருவித்துக்கொள்கிறது. எனவே மொத்த விகிதத்தை நோக்குவதினும் ஜிமெயிலில் எவ்வளவு, யாஹூவில் எவ்வளவு என்று பிரித்து நோக்குவது மேல். ஓரிடத்தில் மட்டும் திடீரென்று சரிந்தால் வாசகத்தை அன்று, முத்திரையை முதலில் ஐயுறுங்கள்.

டிமார்க்கில் மூன்று ஆணைகள் உண்டு: தேறாத மடலை விட்டுவிடு, ஒதுக்கி வை, மறுத்துவிடு. உங்கள் கடையின் பெயரால் வேறொருவர் போலி மடல் விடுத்துப் பணம் கறப்பதைத் தடுக்கக் கடைசி ஆணையே வலியது. ஆனால் அவசரம் ஆகாது. 2014 ஏப்ரலில் யாஹூ அவ்வாணையைப் பிறப்பித்தபோது, குழு மடல்கள் வழியே அதன் பயனர்கள் எழுதிய நேர்மையான கடிதங்களும் பல இடங்களில் மறுக்கப்பட்டன. முதல் ஆணையோடு சில வாரம் இருந்து, வந்து சேரும் அறிக்கைகளைக் கண்டபின் மேலே செல்லலாம்.

சோதிக்கும் முறை எளிது. உங்கள் மடல் ஒன்றை உங்கள் ஜிமெயிலுக்கே அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தட்டினால் மூன்று காவல்களும் தேறினவா என்பது மேலேயே தெரியும். தேறவில்லையெனில் பதிவேட்டைத் திருத்துங்கள்; திருத்தம் எங்கும் பரவச் சில மணி நேரம், சிற்சில வேளை ஓரிரு நாள்கூட ஆகும். தீபாவளிப் பலகார மடலுக்கு முந்தின இரவு மட்டும் அதில் கை வைக்காதீர்கள்.